உதடு முந்தி, சத்தம் பிந்தி

அன்று காலை கொடைக்கானலில் எங்கள் வீடியோ கடையில் யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

அருளப்பன் அண்ணன். கடை அவருடையது. கேமரா பிடிப்பது, படத்தை வெட்டி ஒட்டுவது எல்லாம் அவர் கை.

நான். சத்தம் சேர்ப்பதும் டிஸ்க் எழுதுவதும் என் சோலி.

தாண்டிக்குடி வேலுச்சாமி. காபித் தோட்டம் வைத்திருந்தவர். பெண்ணுக்கு அப்பா.

அவர் தங்கச்சி மாரியம்மாள். பெண்ணுக்கு அத்தை.

பெண், கௌசல்யா. அங்கேயே ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர்.

அவர்களை ஏற்றிக்கொண்டு வந்த ஜீப் டிரைவர் பாண்டி. அவன் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

இவ்வளவு பேர்தான்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எனக்குப் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. ஆல்பத்தில் போட்டோ ஒட்ட வந்தவள் நான். சுருக்கமாகத்தான் எழுத வரும். நீங்கள் பென் டிரைவ் கொடுக்கிறீர்கள். நாங்கள் டிஸ்க் கொடுத்தோம். உதடும் சத்தமும் பிரிந்து போகிற வியாதி இரண்டுக்கும் பொது. அதனால் அந்த ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன்.

கௌசல்யாவுக்கு நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை பெயர் சரவணன். பழனி அடிவாரத்தில் அவர்களுக்குத் தேங்காய், பழம், பூஜைச் சாமான் கடை. தாண்டிக்குடியில் பெண் வீட்டில் வைத்துத் தட்டு மாற்றினார்கள். அருளப்பன் அண்ணன் போய்ப் படம் எடுத்து வந்தார். நான் சத்தம் சேர்த்து டிஸ்க் எழுதினேன். டிஸ்க் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். கல்யாணப் பத்திரிகையும் அடித்தாகிவிட்டது.

வேலுச்சாமி உள்ளே வந்ததும் டிஸ்க்கை மேஜையில் வைத்தார். உட்காரவில்லை. இதேபோல இன்னொரு காப்பி வேண்டும் என்றார். உடனே வேண்டும் என்றார்.

அருளப்பன் அண்ணன், சொந்தக்காரங்களுக்கா என்று கேட்டார்.

"இல்ல. பழனிக்குக் கொண்டு போகணும். அவுக வீட்டுப் பெரியவுக முன்னாடி இதப் போட்டுக் காட்டிட்டு, தட்டத் திருப்பிக் குடுத்துட்டு வரணும்."

தட்டைத் திருப்பிக் கொடுத்தால் கல்யாணம் இல்லை என்று அர்த்தம். அருளப்பன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் ஸ்வெட்டர் கையை இழுத்து விரலை மூடிக்கொண்டு சுவரோரமாக நின்றாள். கையில் இருந்த போன் உறுமிக்கொண்டே இருந்தது. எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை.

என்ன விஷயம் என்று அவரே காட்டினார். கடை டிவியில் டிஸ்க்கைப் போடச் சொன்னார். ரிமோட்டை அவர் வாங்கிக்கொண்டார். அந்த இடத்துக்கு நேராகப் போகத் தெரிந்திருந்தது. வீட்டில் எத்தனை தடவை போட்டிருப்பார்கள் என்று அதிலேயே தெரிந்தது.

படத்தில் நடுவில் தாம்பூலத் தட்டு. அந்தப் பக்கம் மாப்பிள்ளை. அவருக்குப் பக்கத்தில் அவருடைய தாய்மாமன், வாய் நிறைய வெற்றிலை. ஒரு பெரியவர் லக்னப் பத்திரிகை வாசிக்கிறார். மாமன் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். மாப்பிள்ளை லேசாகத் தலையைத் திருப்புகிறார். அவர் வாய் அசைகிறது. தாழ்ந்த குரலில் கேட்கிறது.

"பொண்ணு கருப்பட்டி. தோட்டந்தான் சீனி."

வேலுச்சாமி நிறுத்தினார். பின்னால் போனார். திரும்பப் போட்டார். திரும்ப நிறுத்தினார்.

கௌசல்யா நல்ல கருப்பு. அதை மறைக்க அவள் எதுவும் பூசிக்கொண்டு வரவில்லை. டிவியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

மாரியம்மாளுக்குத்தான் வாய் நிற்கவில்லை. சீனி வேண்டுமென்றால் பழனியிலேயே மூட்டை மூட்டையாகக் கிடைக்குமே, எதற்கு மலை ஏறி வந்தான் என்றாள். எங்கள் வீட்டில் இட்லியைக் கணக்கில்லாமல் தின்றபோது கருப்பு தெரியவில்லையா என்றாள். அன்றைக்குச் சட்னி ஊற்றியது யார், இதே கருப்புக் கைதானே என்றாள். அண்ணனைப் பார்த்து, நீ பத்திரிகை அடிக்க அவசரப்பட்டாய் என்றாள்.

இந்தப் பேச்சு யாருக்கும் அன்று காதில் விழவில்லை. பத்திரிகை வாசிக்கிற சத்தத்தில் அமுங்கிப் போன கிசுகிசுப்பு அது. ஆனால் நாங்கள் சின்ன ரெக்கார்டர் ஒன்றைத் தட்டில் வெற்றிலைக்கு அடியில் வைப்பது வழக்கம். கேமராவில் இருக்கிற மைக்குக்குக் கூட்டத்து இரைச்சல்தான் கிடைக்கும். பத்திரிகை வாசிப்பது தெளிவாக வேண்டும் என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். அதற்காக வைப்பது. மனுசக் காதுக்குக் கேட்காதது அதற்குக் கேட்டுவிட்டது.

அருளப்பன் அண்ணன் என்னிடம், காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பிவிடு, நமக்கு எதற்கு இது என்கிற மாதிரி கண்ணைக் காட்டினார். அதுவும் நியாயம்தான். வந்தவர் கேட்டது காப்பி. டிஸ்க்கை எழுதிக் கொடுத்தால் நம் வேலை முடிந்தது. முகூர்த்த மாசம். மேஜையில் இன்னும் மூன்று கல்யாணம் கிடந்தது.

நான் டிஸ்க்கை வாங்கி டிரைவில் போட்டேன். எழுதுகிற பட்டனை அமுக்கவில்லை. அந்த இடத்தை இன்னொரு தடவை பார்த்தேன்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உதட்டையும் சத்தத்தையும் ஒத்துப் பார்க்க வேண்டுமானால் ப, ம இரண்டையும் பாருங்கள். மற்ற எழுத்தை எப்படியும் சொல்லலாம். இந்த இரண்டையும் உதடு மூடாமல் சொல்ல முடியாது. சத்தத்தில் 'கருப்பட்டி' வருகிறது. அந்த 'ப்ப' வருகிற இடத்தில் மாப்பிள்ளையின் உதடு திறந்திருந்தது.

பக்கத்தில் இருந்த மாமனைப் பார்த்தேன். அவரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வெற்றிலை மெல்லுகிற வாய். முதலில் இருந்து கடைசி வரை அசைந்துகொண்டே இருந்தது.

நான் வேலுச்சாமியிடம் ரிமோட்டைக் கேட்டேன். எதற்கு என்றார். இதற்கு அடுத்து என்ன வருகிறது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தங்கச்சிக்கும் தெரியவில்லை. அந்த இடம் வந்ததும் நிறுத்துவார்கள், பின்னால் போவார்கள், திரும்பப் போடுவார்கள். ஒரு வாரமாக அவ்வளவுதான் பார்த்திருக்கிறார்கள். அடுத்த வார்த்தையை அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

நான் நிறுத்தாமல் ஓட விட்டேன்.

கருப்பட்டி, சீனி எல்லாம் முடிந்தது. உடனே இன்னொரு குரல். அதுவும் கிசுகிசுப்புதான். "வாய மூடுங்க மாமா." அப்போது படத்தில் இருந்தது வேலுச்சாமி. கேமரா இந்தப் பக்கம் திரும்பிவிட்டிருந்தது. அவர் வாய் மூடியிருந்தது.

"இது யாரு?" என்றாள் மாரியம்மாள்.

கௌசல்யா நிமிர்ந்தாள்.

சத்தம் பின்னால் தள்ளிக் கிடக்கிறது என்று நான் சொன்னேன். உதடு முந்திப் போகிறது, சத்தம் பிந்தி வருகிறது, மாப்பிள்ளை வாய் அசைந்தது வேறு எதற்கோ என்று சொன்னேன். சொன்னதும் வேலுச்சாமி முகம் மாறியது. நம்பிக்கையாக மாறவில்லை.

"ஏம்மா, அவுக வீட்டு ஆளுக முன்னாடியே வந்து பேசிட்டுப் போயிட்டாங்களா?"

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் கேட்பார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவள் சத்தத்தை இப்படியும் நகர்த்தலாம், அப்படியும் நகர்த்தலாம் என்று அவருக்குத் தெரியும். ஒரு குரலை யார் வாயில் வேண்டுமானாலும் வைக்கலாம். நானே சரிசெய்து, நானே போட்டுக் காட்டினால் அதற்கு மதிப்பு இல்லை. ஏன் தள்ளிப் போனது, எந்த இடத்தில் தள்ளிப் போனது, அதைக் காட்ட வேண்டும். டீ சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கொடுங்கள் என்று கேட்டேன். பாண்டி வாசலில் இருந்து, மஞ்சு இறங்குது, வெரசாக் கிளம்பினால் பாதை மறையுமுன் பண்ணைக்காடு தாண்டலாம் என்று குரல் கொடுத்தான். மாரியம்மாள் அவனைச் சும்மா இருக்கச் சொன்னாள்.

சத்தம் பிரிந்து போவதில் இரண்டு வகை. ஆரம்பத்தில் சரியாக இருந்து, போகப் போக வளர்ந்துகொண்டே போவது ஒன்று. ஒரு இடத்தில் சட்டென்று தள்ளி, பிறகு ஒரே அளவாக நிற்பது இன்னொன்று. முதல் வகையை நான் ஒரு தேவாலயப் பாட்டுப் பூசையில் கற்றுக்கொண்டேன். முதல் பாட்டில் ஒட்டியிருந்த வாய் கடைசிப் பாட்டில் பாதிரியார் ஆமென் சொன்ன பிறகும் பாடிக்கொண்டிருந்தது. கேமராவுக்கும் ரெக்கார்டருக்கும் கடிகாரம் ஒன்றுபோல ஓடாதது காரணம். போகப் போக வளர்ந்தால் மெஷின். ஒரே அளவாக நின்றால் கை. யாரோ எங்கேயோ கை வைத்திருக்கிறார்கள்.

ஆரம்பத்தைப் பார்த்தேன். ரெக்கார்டரைத் தட்டில் வைப்பதற்கு முன் அருளப்பன் அண்ணன் அதைக் கேமராவுக்கு நேராகப் பிடித்து விரலால் தட்டுவார். அதை வைத்துத்தான் படத்தையும் சத்தத்தையும் நான் ஒட்டுவேன். தட்டினது ஒட்டியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஜீப்பை விட்டு இறங்குவது ஒட்டியிருந்தது. கடைசியில், எல்லோரும் விடை பெறுகிற இடத்தில் தள்ளியிருந்தது. தட்டு மாற்றுகிற இடத்தில் எத்தனை பிரேமோ அத்தனையே. ஒரு செகண்டுக்கு இருபத்தைந்து பிரேம் ஓடும். ஆக, கை.

எங்கே என்று தேடிக்கொண்டே நடுவில் வந்தேன். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் பிள்ளையார் முன் தேங்காய் உடைத்துவிட்டு உள்ளே வருவது அங்கே வழக்கம். அந்த இடத்துக்கு முன்னால் சரி. அதற்குப் பின்னால் பிசகு. அந்த இடத்தில் எப்போதும் நாதஸ்வரம் போட்டு மூடிவிடுவோம். நாதஸ்வரத்தை எடுத்துவிட்டு, தட்டில் இருந்த ரெக்கார்டரின் சத்தத்தை மட்டும் கேட்டேன்.

டொக் என்று ஒரு சத்தம். யாரோ சிரிக்கிறார்கள். பிறகு படார்.

படத்தைப் பார்த்தேன். மாமன் கையை ஓங்குகிறார். ஒரு ரோஜாப்பூ பறக்கிறது. படார். தேங்காய் இரண்டாகக் கிடக்கிறது. டொக் இல்லை. சிரிப்பு இல்லை.

நான் அருளப்பன் அண்ணனைப் பார்த்தேன். அவர் லென்ஸ் துடைக்கிற துணியை மடித்துக்கொண்டிருந்தார். உள் அறைக்கு வா என்று தலையை அசைத்தார்.

உள்ளே போனதும் அவரே சொன்னார். முதல் அடியில் தேங்காய் உடையவில்லை. மாமன்தான் அடித்தார். கல்லில் பட்டு எகிறியது. எப்போதும் வெட்டுகிற மாதிரி அதை வெட்டிவிட்டேன். வெட்டின தழும்பு தெரியாமல் இருக்க ரோஜாப்பூவைப் பறக்க விட்டேன்.

இது அவர் ஒருவர் பழக்கம் இல்லை. நம் தொழிலில் எல்லோருக்கும் இருந்த பழக்கம். தேங்காய் முதல் அடியில் உடையாதது, கற்பூரம் பாதியில் அணைந்தது, ஆரத்தித் தட்டு சாய்ந்தது, இதெல்லாம் டிஸ்க்கில் வராது. வீட்டாரிடம் கேட்டு வெட்டுவதில்லை. வெட்டினேன் என்று சொல்வதும் இல்லை. மற்ற வெட்டை எல்லாம் அருளப்பன் அண்ணன் எனக்குச் சொல்லிவிடுவார், நானும் சத்தத்தில் அதே இடத்தில் வெட்டுவேன். இந்த மாதிரி வெட்டை மட்டும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். அவர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர். ஆனாலும் அடுத்தவர் வீட்டு நல்ல காரியத்தில் கெட்ட சகுனத்தைச் சொல்லுவதுகூடத் தப்பு என்று நினைப்பார். அவர் படத்தில் வெட்டினார். நான் சத்தத்தில் வெட்டவில்லை. அதில் இருந்து கடைசி வரை எல்லார் வாயும் முந்திவிட்டது.

"சொல்லிறாத தங்கச்சி," என்றார். "அந்தம்மா தேங்கா உடையலங்கிறதக் கேட்டா அந்த நிமிசமே முடிஞ்சிரும். இப்பயாவது ஒரு பேச்சாத்தான் கெடக்கு."

நான் கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். சொல்லாமல் சரிசெய்தால் நம்பமாட்டார்கள். கல்யாணம் நிற்கும். சொன்னால் நம்புவார்கள். சகுனம் சரியில்லை என்று அப்போதும் கல்யாணம் நிற்கலாம். இரண்டு வழியிலும் நிற்கலாம் என்றால், எந்த வழியில் அந்தப் பையன் மேல் பழி இல்லாமல் நிற்கும் என்று பார்த்தேன். அந்தப் பெண் போனை அணைக்காமல் வைத்திருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று முடிவு செய்தவள் அணைத்திருப்பாள்.

"டேப் எங்க அண்ணே?" என்று கேட்டேன். வெட்டுவதற்கு முன் கேமராவில் பதிந்தது முழுக்க அந்த டேப்பில்தான் இருக்கும்.

அவருக்கு அதுதான் பயம். கொடைக்கானல் ஈரத்துக்கு டேப்பில் பூசணம் பிடிக்கும். அதனால் பல்பு எரிகிற மரப்பெட்டியில் வைப்போம். அங்கே இல்லை. டிஸ்க் கொடுத்தாகிவிட்டது என்று அந்த டேப்பை மறுநாள் எடுக்கவிருந்த ஞானஸ்நானம் ஒன்றுக்காகப் பையில் போட்டுவிட்டார். பையைக் கவிழ்த்தோம். பழைய பேட்டரி, குடை, கையுறை எல்லாம் விழுந்தது. டேப் கடைசியாக விழுந்தது. இன்னும் மேலே எதுவும் எடுத்திருக்கவில்லை. ஒரு நாள் தள்ளி வந்திருந்தால் அந்த நிச்சயதார்த்தத்தின் மேல் ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கும்.

அன்றில் இருந்து எங்கள் கடையில் ஒரு பழக்கம். டிஸ்க் கொடுத்தாலும் கல்யாணம் முடிகிற வரை டேப்பில் கை வைப்பதில்லை. உங்களுக்கு டேப் கிடையாது, கார்டுதான். அதற்கும் இதுதான்.

நான் வெளியே வந்து வேலுச்சாமிக்கு நேராக நின்றேன்.

"நான் மாத்திக் காட்டுனா மாத்திட்டேம்பீங்க. அதனால மாத்தாததக் காட்டுறேன். இதுல உங்களுக்குப் பிடிக்காத ஒண்ணும் இருக்கு. அதையும் பாக்கணும்."

பார்க்கிறேன் என்றார். அருளப்பன் அண்ணன் தேவையே இல்லாமல் கதவுப் பக்கம் போய்த் திரையை இழுத்து விட்டார்.

கேமராவில் டேப்பைப் போட்டு ஒயரை நேராக டிவியில் சொருகினேன். நடுவில் கம்ப்யூட்டர் கிடையாது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். மாமன் தேங்காயை எடுத்துச் சுற்றுகிறார். ஓங்குகிறார். அடிக்கிறார். டொக். தேங்காய் எகிறிச் செருப்புகளுக்குப் பக்கத்தில் போய் விழப் பார்க்கிறது. மாமன் பிடித்துக்கொள்கிறார். யாரோ சிரிக்கிறார்கள். அவர் முகம் சிவக்கிறது. திரும்ப ஓங்கி அடிக்கிறார். படார்.



"மொத அடியில ஒடயலயா?" என்றாள் மாரியம்மாள். என்னைக் கேட்கவில்லை. அண்ணனைக் கேட்டாள்.

வேலுச்சாமி டீ கிளாசைப் பார்த்தார். அவர் அன்று வாசலில்தான் நின்றிருக்கிறார். டேப்பில் ஓரமாக அவர் தோளும் தெரிகிறது. தங்கச்சியும் மகளும் உள்ளே இருந்ததால் அவர்களுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டார். இந்த ஒரு விஷயம் அவர் வயிற்றிலும் இத்தனை நாள் கிடந்திருக்கிறது.

"யாரு சிரிச்சது?" என்றாள் அடுத்து.

வாசலில் திரை விலகியது. பாண்டி தலையை மட்டும் நீட்டினான்.

"நாந்தான் பெரியம்மா. ஊருக்கே தேங்கா விக்கிறவுக. அவுக கொண்டு வந்த தேங்காய அவுகளாலயே ஒடைக்க முடியல. சிரிப்பு வந்துருச்சு. அடக்கத்தான் பாத்தேன்."

மாரியம்மாள் அவனை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கௌசல்யா பேசினாள். கடைக்கு வந்து அவள் பேசின முதல் பேச்சு.

"அத்தை, தேங்காயப் பெறவு பாப்போம். மிச்சத்தக் காட்டச் சொல்லுங்க."

அருளப்பன் அண்ணன் அன்று தேங்காயில் இருந்து தட்டு மாற்றுவது வரை கேமராவை நிறுத்தவே இல்லை. அது நல்லதாகப் போயிற்று. டேப்பை அவர்கள் கண் முன்னாலேயே கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ரெக்கார்டரின் சத்தத்தை அடியில் வைத்தேன். டேப்பிலும் ஒரு டொக் இருந்தது. ரெக்கார்டரிலும் ஒரு டொக் இருந்தது. இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தேன். வைத்ததும் பாண்டியின் சிரிப்பு சிரிப்போடு சேர்ந்தது. படார் படாரோடு சேர்ந்தது. ஓட விட்டுக் காட்டினேன். வேலுச்சாமியையே மவுசைப் பிடித்து நகர்த்திப் பார்க்கச் சொன்னேன். அவர் ஒரு பக்கம் நகர்த்தினார், சிரிப்பு இரண்டாகக் கேட்டது. பழைய இடத்துக்குக் கொண்டு வந்தார், ஒன்றானது. இதற்கு மேல் நான் கை வைக்கப் போவதில்லை, அப்படியே ஓடட்டும் என்று சொல்லிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

தட்டு வந்தது. பெரியவர் வாசிக்க ஆரம்பித்தார். மாமன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு மாப்பிள்ளை பக்கம் சாய்ந்தார்.

"பொண்ணு கருப்பட்டி. தோட்டந்தான் சீனி."

மாப்பிள்ளையின் வாய் மூடியிருந்தது. முழுக்க மூடியிருந்தது.

பிறகு அவர் தலையைத் திருப்பினார். உதடு திறந்தது.

"வாய மூடுங்க மாமா."

'மூ'வுக்கு மூடியது. 'மா'வுக்கு மூடியது. திரும்ப 'மா'வுக்கு மூடியது. அதற்குப் பிறகுதான் கேமரா வேலுச்சாமி பக்கம் திரும்பியது.

நான் நிறுத்தவில்லை. பத்திரிகை வாசித்து முடிகிற வரை ஓட விட்டேன். மாப்பிள்ளை அதற்கு அப்புறம் மாமன் பக்கம் திரும்பவே இல்லை என்பதையும் அவர்கள் பார்க்கட்டும் என்று விட்டேன்.

கௌசல்யா, இன்னொரு தடவை போடுங்க அக்கா என்றாள். போட்டேன். அவள் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். கையில் போன் திரும்ப உறுமியது. இந்தத் தடவை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மஞ்சுக்குள் போய் நின்றாள். ஜீப்பின் அந்தப் பக்கம் அவள் ஸ்வெட்டர் மட்டும் தெரிந்தது. என்ன பேசினாள் என்று தெரியாது. ரொம்ப நேரம் பேசவில்லை. ஆனால் உள்ளே வந்தபோது விரல்கள் ஸ்வெட்டருக்கு வெளியே இருந்தன.

"என்ன சொல்றாரு?" என்றார் அப்பா.

"ஏன் எடுக்கலன்னு கேட்டாரு. டவர் இல்லன்னு சொல்லிட்டேன்."

வேலுச்சாமி அப்போதுதான் உட்கார்ந்தார். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். குடித்துவிட்டு மேஜையில் இருந்த டிஸ்க்கை எடுத்து இரண்டாக ஒடித்தார். அது லேசில் ஒடியாது. முதல் தடவை வளைந்தது, ஒடியவில்லை. பாண்டி வாசலில் இருந்து என்னவோ சொல்ல வந்தான். மாரியம்மாள் திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டான். இரண்டாவது தடவை ஒடிந்தது.

எல்லோரும் மாரியம்மாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். சகுனத்தைப் பற்றி அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று. அவள் நாற்காலியை டிவிக்குக் கிட்டே இழுத்துப் போட்டாள்.

"அந்தத் தேங்காயத் திரும்பப் போடு."

போட்டேன். டொக். எகிறியது. மாமன் பிடித்தார். முகம் சிவந்தது.

"இன்னொருக்க போடு."

போட்டேன். மூன்றாவது தடவை அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று அருளப்பன் அண்ணன் பயந்துவிட்டார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த வயித்தெரிச்சலில்தான் உள்ளே வந்து கருப்பட்டி, சீனி என்று பேசியிருக்கிறான் என்றாள். உடைக்கத் தெரியாதவன் கையில் கொடுத்தால் தேங்காய் என்ன செய்யும் என்றாள்.

கிளம்பும்போது அவள் என்னிடம் சொன்னாள். "புது டிஸ்க்குல இதையும் சேத்துரு. பூவு கீவு ஒண்ணும் பறக்க வேணாம். சம்பந்தி வீட்டுக்கும் ஒண்ணு அனுப்பு."

அருளப்பன் அண்ணன் வேண்டாமே என்றார். அவள் கேட்கவில்லை.

படத்தில் வெட்டினதைத் திரும்ப ஒட்டினேன். அது ஒட்டினதும் சத்தம் தானாகச் சேர்ந்துவிட்டது. வேறு எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. ஆரம்பம், நடு, கடைசி மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். அருளப்பன் அண்ணனும் நானும் அன்று ஒன்று பேசிக்கொண்டோம். சகுனம் என்றால் வெட்டுங்கள், ஆனால் எனக்குச் சொல்லிவிடுங்கள் என்றேன். வாயால் சொல்ல மனசு வரவில்லை என்றால் விரலால் மேஜையில் தட்டுகிறேன் என்றார். அப்படியே கடைசி வரை நடந்தது. அவர் தட்டுவார், நான் எங்கே என்று மட்டும் கேட்பேன்.

கல்யாணம் பழனியில் நடந்தது. நாங்கள்தான் படம் எடுத்தோம். மண்டபத்தில் மாரியம்மாள் எல்லார் முன்னாலும் மாமனிடம் ஒரு தேங்காயை நீட்டி, நீங்களே உடைக்கணும் அண்ணே என்றாள். அவர் ஓங்கி ஒரே அடி. தண்ணீர் எங்கள் கேமராவில் தெறித்தது. அருளப்பன் அண்ணன் துடைத்துக்கொண்டே சிரித்தார். மாப்பிள்ளை மேடையில் இருந்து பார்த்தார். பக்கத்தில் கௌசல்யாவும் பார்த்தாள். அவள் அன்றும் எதுவும் பூசிக்கொள்ளவில்லை.

சாப்பாட்டுப் பந்தி முடிந்த பிறகு மாமன் என்னைத் தேடி வந்தார். வாயில் வெற்றிலை. நிச்சயதார்த்த டிஸ்க்கைப் பார்த்ததாகச் சொன்னார். நான் பேசினதை மருமகன் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டான், பெண்ணிடமும் நான் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன், அது போகட்டும் என்றார். இந்தத் தேங்காய் இடத்தை மட்டும் எடுக்க முடியாதா என்று கேட்டார்.

முடியாது என்றேன். எடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியும் என்றேன்.

தலையை ஆட்டினார். போகத் திரும்பினவர் நின்றார்.

"பாக்குறப்ப ரொம்ப நேரம் வர்ற மாதிரி இருக்கும்மா. மொத்தம் எவ்வளவு இருக்கும் அது?"

"முப்பத்தெட்டு பிரேம்."